முந்நூற்றுப் பன்னிரண்டு ஆமென்

தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவள் துணி அலமாரியின் கதவைத் திறந்து, தொங்கும் உடைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு ஜெபிப்பாள். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் பார்ப்பதற்கு அந்த வீட்டில் யாருமில்லை. நான்காவது மாடியில் ஒற்றை அறை, கீழே நாற்சந்தி. குப்பை வண்டி, பால் வண்டி, முதல் பேருந்து என்று விடிவதற்கு முன்பே தெரு தன் கச்சேரியை ஆரம்பித்துவிடும். அம்மாவின் பழைய கம்பளிக் கோட்டும் குளிர்காலப் போர்வைகளும் தொங்குகிற அந்த அலமாரிக்குள் மட்டும்தான் குரல் சுத்தமாகப் பதிவாகும். கோட்டின் காலருக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, நான்கு நிமிடம் ஜெபித்துப் பதிவு செய்து சபையின் விடியல் குழுவுக்கு அனுப்பிவிடுவாள். குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அம்மா இறந்த வாரத்தில் ஆரம்பித்த பழக்கம். தூக்கம் வராத ஒரு விடியலில், யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தது. அப்போது ஏழெட்டுப் பேர் மட்டுமே இருந்த குழுவுக்கு ஒரு ஜெபத்தைப் பேசி அனுப்பினாள். "அக்கா, நாளைக்கும் அனுப்புங்க" என்று யாரோ எழுதினார்கள். மூன்று வருடமாயிற்று. இப்போது தெருவில் பார்க்கிறவர்கள்கூட அவளை "விடியல் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அனுப்பிய பிறகு தேநீரை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். ஆமென்கள் வரத் தொடங்கும். முதலில் தூக்கம் வராத கிழவர்கள், பிறகு பள்ளிக்குப் பிள்ளைகளைக் கிளப்பும் தாய்மார்கள், கடைசியாக இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்கள். நூறு தாண்டினால் அன்றைய நாள் நல்ல நாள். எண்பதில் நின்றுவிட்டால், எந்த வார்த்தை சரியில்லை என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவாள்.

அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். எட்டுத் துவைக்கும் இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், சூடான உருளைகளுக்கு நடுவே விரிப்பை இழுத்துத் தேய்த்துத் தள்ளும் நீளமான இயந்திரம் ஒன்று. எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடத் தெரியாது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையைத் தட்டையாகக் காட்டினால் விரிப்பு. இரண்டு விரல் தோளில் வைத்தால் தலையணை உறை. காதைப் பிடித்து இழுத்தால் மேற்பார்வையாளர் வருகிறார், வாயை மூடு. அவள் மட்டும் கையை நம்பாமல் தொண்டையை நம்பினாள். இயந்திரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவாள், கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிட்டுப் பேசுவாள். கடைசியில் இயந்திரம் ஜெயித்தது.

தொண்டை மருத்துவர் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"குரல்நாண்ல ரெண்டு பக்கமும் காய்ப்புக் காய்ச்சிருக்கு. மூணு வாரம் பேசக் கூடாது."

அவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

"பாத்தியா, இப்பவே பேசற. குசுகுசுன்னும் பேசக் கூடாது. அது கத்தறத விட மோசம். வீட்ல யாரும்மா இருக்கா?"

யாருமில்லை என்று கையை விரித்தாள்.

"அப்ப சுலபம்" என்றார் அவர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே. நல்ல மனிதர்தான். வேண்டுமென்றே சொல்லவில்லை.

சலவைக்கூடத்தில் அவள் பேசாதது முதல் நாள் யாருக்கும் தெரியவே இல்லை. இரண்டாம் நாள் மதியம்தான், அவளோடு சேர்ந்து விரிப்பு மடிக்கும் நெட்டை ஒரு முனையைப் பிடித்தபடி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். நெட்டைக்குக் கோவில் சபை என்று எதுவும் கிடையாது. இருந்த ஒரே மதம் கேலி.

"என்ன, ரெண்டு நாளா மிஷினு மட்டும் பாடுது?"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், மூன்று விரலையும் காட்டினாள்.

"மூணு நாளா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஏழு விரலைக் காட்டி ஒரு வட்டம் போட்டாள்.

"மூணு வாரமா? ஐயோ பாவம்" என்றாள் நெட்டை. பிறகு, "உன்னச் சொல்லல, உங்க கடவுளச் சொன்னேன். மூணு வாரம் அவருக்குப் போரடிக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வேறு ஊரிலிருக்கும் தம்பி கூப்பிட்டான். "அக்கா, நீ பேசாத. நான் பேசறேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. சரியா?" அவள் ஒரு தட்டுத் தட்டினாள். "சாப்டியா?" ஒரு தட்டு. "பொய்தான?" கொஞ்ச நேரம் யோசித்து இன்னொரு தட்டு. அவன் சிரித்தான். அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள். அது அவனுக்குத் தெரியவில்லை, பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

குழுவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை.

மருத்துவரைப் பார்த்த மறுநாளே "குரல் போய்விட்டது, எனக்காக ஜெபியுங்கள்" என்று மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். காரணம் வேறொன்றுமில்லை. குழுவில் ஒரு பெண் இருந்தாள், பாடகர் குழுவில் முன்வரிசை. எல்லாரும் தேன்குரல் என்று கூப்பிடுவார்கள். ஒரு மாதத்துக்கு முன்பு அந்தப் பெண் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, என்னைக்காவது உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, நான் இருக்கேன்." நல்ல மனசோடுதான் எழுதியிருப்பாள். ஆனால் அந்த "நான் இருக்கேன்" அன்றிலிருந்து செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் போதும், அந்த ஐந்தரை மணி இனி தன்னுடையதில்லை. அது போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? நான்காவது மாடி, நாற்சந்தி, விரிப்புகள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். உடைந்த கண்ணாடியோடு இழுப்பறையில் கிடந்த பழைய கைப்பேசியில் அவளுடைய பதிவுகள் எல்லாம் இருந்தன, ஆயிரத்துக்கும் மேல். அதில் ஒன்றை ஓடவிட்டு, புதிய கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினாள். அலமாரிக்குள் ஒரு கைப்பேசி ஜெபித்தது, இன்னொன்று கேட்டது. நடுவே அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

நூற்றிரண்டு ஆமென்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் தேநீர் ஆறும்போது ஒரு சின்ன வருத்தமும் வந்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே. ஆறாம் நாளுக்குள் அந்த வருத்தமும் பழகிவிட்டது. நான்கு நிமிடம் சும்மா எதற்கு நிற்க வேண்டும் என்று இரண்டு கைப்பேசிகளையும் அம்மாவின் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள். முதல் பத்து நொடிகளைக் கேட்டுப் பொருத்தமாக இருந்தால் போதும் என்று பதிவுகளைத் தேர்ந்தெடுத்தாள். மழையைப் பற்றி வந்தால் தள்ளிவிடுவாள், வெளியே வெயில்.

ஒன்பதாம் நாள் மதிய இடைவேளையில், சுத்தமான துணிகள் அடுக்கும் அறையில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தபடி கைப்பேசியைத் திறந்தாள். நூற்றுப் பதினேழு ஆமென். அவற்றின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. தையற்காரரின் மனைவி குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள்.

மூன்று வருடத்தில் யாரும் வெளியேறியதில்லை. காலையில் அனுப்பியதை முதல் தடவையாக முழுதும் கேட்டாள். முதல் மூன்று நிமிடத்தில் ஒன்றுமில்லை, பொதுவான நன்றிகள். பிறகு அவளுடைய பழைய குரல், நன்றாக உருகி, சொன்னது: "எங்கள் தையற்கார அண்ணனை நினைத்தருளும் ஆண்டவரே. இந்தப் படுக்கையிலிருந்து அவரை எழுப்பி உட்கார வையும். அவர் மனைவியின் கண்ணீரைத் துடையும்."

தையற்காரர் இறந்து எட்டு மாதமாகிறது. அடக்கத்துக்கு அவளும் போயிருந்தாள்.

அந்தப் பதிவைக் குழுவிலிருந்து நீக்கினாள். ஒரு நிமிடத்தில் யாரோ எழுதினார்கள்: "ஏன் அக்கா நீக்கிட்டீங்க? நான் இன்னும் கேக்கல. ஆமென் மட்டும்தான் போட்டேன்."

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராகத் தையற்காரரின் வீட்டுக்கு நடந்தாள். வழியில் நின்று, சலவைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். முன்புறம் கடை, பின்புறம் வீடு. கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே தையல் இயந்திரத்தின் மேல் ஒரு போர்வை. குனிந்து உள்ளே போனாள்.

"யாராவது வருவாங்கன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் தையற்காரரின் மனைவி. ஐம்பது வயதிருக்கும், காலைத் தூக்கி முக்காலியில் வைத்திருந்தாள். "நீயே வருவேன்னு நெனக்கல. உக்காரு."

அவள் உட்காராமல் சீட்டை நீட்டினாள்.

"என்ன இது? வாயத் தொறந்து சொல்லேன். ஊருக்கே சொல்ற."

அவள் தொண்டையைத் தொட்டுக் கையை அசைத்தாள். மற்றவள் இயந்திரத்தின் மேலிருந்து ஒரு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். அது ஆண்கள் போடும் தடித்த சட்டம், மூக்கில் நிற்காமல் சரிந்தது. "அவரோடது. எனக்கு அளவு சரியில்ல. ஆனா எழுத்துத் தெரியும்." உரக்கவே படித்தாள். "குரல் போய் ஒன்பது நாள். யாரிடமும் சொல்லவில்லை. பழைய பதிவுகளை அனுப்பினேன். கேட்காமல் அனுப்பினேன். என்னை மன்னியுங்கள்."

கண்ணாடியைக் கழற்றவில்லை. அதன் வழியே அவளைப் பார்த்தாள்.

"அப்ப ஒம்பது நாளாப் பொட்டிதான் ஜெபிச்சிருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"காலைல அடுப்படியில நிக்கறேன். பாதித் தூக்கம். நீ அவரச் சொல்ற, எழுப்பி உக்கார வையும்னு. நான் ஆமென்னுட்டேன். வாய்விட்டே சொன்னேன். சூப்பு ஊத்திக் கொண்டுபோகணுமேன்னு அந்தத் தூக்கு டப்பாவத் தேடறேன். மூடியக் கையில எடுத்தப்புறம்தான் ஞாபகம் வருது." நிறுத்திக்கொண்டு முக்காலியிலிருந்து காலை இறக்கினாள். "அந்த அரை நிமிஷம் அவர் ஆஸ்பத்திரியிலதான் இருந்தார். அதுக்கு உன்னத் திட்டறதா, கையெடுத்துக் கும்பிடறதான்னு எனக்கு இன்னும் தெரியல."

தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டே போயிற்று. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன். தலையாட்டினாப் போதும். நாப்பத்தோரு நாள் அவர் மூணாவது மாடியில கிடந்தார். நீ கீழ துணி துவைச்சுக்கிட்டிருந்த. அவர் மேலதான் இருக்கார்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். தலையாட்டினாள்.

"ஒரு நாள் ஏறி வந்தியா?"

இல்லை.

"லிஃப்ட்டு ஓடலயோ?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"தெனமும் கேப்பார். விடியல் அக்கா இன்னைக்கு என்னைச் சொன்னாங்களான்னு. சொன்னாங்கன்னுவேன். இங்கதான வேலை பாக்குது, ஒரு நாள் வரும்னுவார். அதுக்கு வேலை ஜாஸ்தி, விரிப்பு என்ன கொஞ்சமாவா இருக்கும்னு நான்தான் உனக்காகச் சமாதானம் சொன்னேன். கடைசி வாரம் கேக்கறத விட்டுட்டார்."

குரல் இருந்திருந்தால் அந்த இடத்தில் அவள் கண்ணை மூடி "ஆண்டவரே" என்று ஆரம்பித்திருப்பாள். ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. இத்தனை வருடம் எத்தனை வீடுகளில், எத்தனை பேச்சுகளை அப்படி முடித்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது முடிக்க வழியில்லை. கேட்டது கேட்டபடி அறைக்குள் நின்றது. அதன் கூடவே அவளும் நின்றாள்.

பார்வை போன இடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதன்மேல் துவைத்துக் காய்ந்த இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று சுருட்டிக் குவிக்கப்பட்டிருந்தது. யோசிக்காமல் கை அதை எடுத்து உதறியது, இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீட்டியது.

தையற்காரரின் மனைவி கொஞ்ச நேரம் அந்த மூலைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து பிடித்தாள். இழுத்து நேராக்கினார்கள், பாதியாக மடித்தார்கள், ஒருவரையொருவர் நோக்கி நடந்து வந்தார்கள். விளிம்புகளை வாங்கும்போது விரல்கள் பட்டன.

"எட்டு மாசமாச் சுருட்டித்தான் வச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள். மடித்ததை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "சரி, கிளம்பு. நான் குரூப்புக்கு வரமாட்டேன். மன்னிச்சேன்னு சொல்லவும் இப்ப வரல. என்னைக்காவது தோணினா வா. இதே மாதிரி வாய மூடிக்கிட்டே வா."

அன்று சாயங்காலமே, படியேறி முடிப்பதற்குள் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, இரண்டாம் மாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினாள். குரல் போனது, பழைய பதிவு, தையற்காரர், எல்லாவற்றையும். யார் வெளியேறினார்கள், ஏன் என்பதையும். அழிக்காமல் அனுப்பினாள்.

திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். திட்டு வந்திருந்தால்கூடத் தேவலை. "ஜெபிக்கிறோம் அக்கா" என்று முப்பது பேர். அழுகிற முகங்கள் ஒரு பத்து. எண்பது பேர் அதற்கும் ஆமென் போட்டார்கள். போதகர் எழுதினார்: "நன்றாக ஓய்வெடுங்கள் சகோதரி. தேன்குரல் சகோதரி பார்த்துக்கொள்வார்கள்."

மறுநாள் காலை ஐந்து இருபத்தொன்பதுக்கு வந்தது தேன்குரலின் ஜெபம். ஒரு நிமிடம் முன்னதாகவே. அவள் முழுவதும் கேட்டாள். நல்ல ஜெபம். அதுதான் தாங்க முடியவில்லை. நூற்று நாற்பத்தெட்டு ஆமென்.

பழக்க தோஷத்தால் ஐந்தரைக்கு விழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. கைப்பேசியை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அலமாரிக்குள் தலையை நுழைத்து நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. மனசுக்குள் ஏதாவது சொல்லலாம் என்றால் அதுவும் பதிவுக்குச் சொல்வது போலவே வந்தது, ஏற்ற இறக்கத்தோடு. அதைப் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதும் குப்பை வண்டி கேட்டது, மாடியில் யாரோ தண்ணீர் திறப்பது கேட்டது, சூப்பு டப்பாவின் மூடி கண்ணுக்குள் வந்து நின்றது. ஆண்டவர் அங்கே இருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக நிமிடத்துக்கு நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள், பதிலுக்கு இடம் விட்டதாக ஞாபகமே இல்லை. அம்மாவின் கோட்டில் இருந்த வாசனை போய்விட்டிருந்தது. எப்போது போனது என்பதும் தெரியாது. அந்தக் காலரில் நெற்றியை வைத்து அழுதாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அப்படியே சில நாட்கள் போயின. ஒரு நாள் மதியம், சுத்தமான விரிப்புகளை மாடிகளுக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியை நெட்டை நகர்த்தியபோது, அவள் குறுக்கே போய் நின்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, விரலை மேலே உயர்த்தினாள்.

"நீ போறியா? மேலயா?" நெட்டை கையை இடுப்பில் வைத்தாள். "ஏழு வருஷத்துல ஒரு தடவ ஏறினதில்ல. சாமி கீழ இறங்கிட்டாரா என்ன?"

மூன்றாவது மாடி நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. விரிப்புகளை அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்பும்போது, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஒருவர் அவளைப் பார்த்தார். மெலிந்த கை, அதில் ஊசி.

"யாரப் பாக்க வந்திருக்கீங்க?"

அவள் வண்டியைக் காட்டினாள். பிறகு, தயங்கி, அவரைக் காட்டினாள்.

"என்னையா? எனக்கு உங்களத் தெரியாதே."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் யோசித்தார்.

"பேச மாட்டீங்களா? நல்லது. வர்றவங்க எல்லாம் பேசியே கொன்னுடறாங்க" என்றார். தன் வேலையைப் பற்றிச் சொன்னார், பேருந்து ஓட்டுநராம். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார். அவர் மேல் கிடந்த விரிப்பின் விளிம்பில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் போகாத கறை, அந்த விரிப்பை ஒதுக்காமல் மேலே அனுப்பியது அவள் கைதான். எழுந்து, வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு இறங்கினாள். இருபது நிமிடம் தாமதம். நெட்டை தூரத்திலிருந்தே காதைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அடுத்த நாளும் ஏறினாள்.

மூன்று வாரம் முடிந்ததும் மருத்துவர் பார்த்துவிட்டு, "ஆ சொல்லு" என்றார். சொன்னாள். அடியில் மணல் கலந்த, யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் குரல். "இதுதான் இனிமே. கத்தாத, போதும்" என்றார். குழுவில் சொல்லலாம் என்று வழியில் கைப்பேசியை எடுத்தாள். அன்றைய ஜெபத்துக்கு நூற்றைம்பத்தொன்று வந்திருந்தது. எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று திரும்பப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அலமாரியைத் திறந்தாள். கைப்பேசி அடுப்புப் பக்கத்திலேயே கிடந்தது. கோட்டுக்கும் போர்வைக்கும் நடுவே தலையை நுழைத்தாள். வாயைத் திறந்தபோது பழைய வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

"தையற்கடை அக்காவுக்கு இன்னைக்குத் தூக்கம் வந்திருக்கணும்" என்றாள். "டிரைவருக்கு வலி குறையணும். நான் அண்ணனப் பாக்கப் போகல. அவர் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார்." கரகரப்பாக வந்தது. தன் காதுக்கே நன்றாக இல்லை. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கீழே முதல் பேருந்து நாற்சந்தியில் திரும்பி, ஓசை தேய்ந்து போனது. அலமாரிக்குள் இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவளே சொன்னாள்.